கான்ஸ்டன்ஷியா: ஒரு சிப்பாய் தன் மாளிகைக்குப் போட்ட பூட்டு

கேள்வி இதுதான்: லக்னோவில் லா மார்டினியர் பள்ளிக் கட்டடத்துக்கு அடியில் ஒரு கல்லறை இருக்கிறதாமே? அதைக் கட்டிய ராணுவ அதிகாரி தன் சொந்த மாளிகைக்குள்ளேயே தன்னைப் புதைக்கச் சொன்னது ஏன்? நவாப் அந்த வீட்டை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார் என்று சொல்கிறார்களே, உண்மையா?

கல்லறை இருப்பது உண்மை. நவாப் கதையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அந்தக் கதையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், ஏதோ ஒரு தந்திரக்கார வெள்ளைக்காரர் கடைசி நேரத்தில் செய்த சூழ்ச்சி போல ஆகிவிடுகிறது. அது சூழ்ச்சி அல்ல. கான்ஸ்டன்ஷியா என்று அவர் பெயரிட்ட அந்தக் கட்டடம் அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்கான நினைவிடமாகவும்தான் எழுந்தது. இதற்கு அவருடைய உயிலிலேயே ஆதாரம் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன்னால் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

பெயர் கிளாட் மார்டின். 1735 ஜனவரி 5 அன்று பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. உழைத்துப் பிழைக்கும் குடும்பம். பதினாறு பதினேழு வயதில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சிப்பாயாகச் சேர்ந்து கப்பல் ஏறினார். 1752-இல் வந்து இறங்கிய இடம் நம்முடைய புதுச்சேரி. துப்ளே ஆளுநராக இருந்து, கர்நாடகத்து நவாப் பதவிக்கு யாரை உட்கார வைப்பது என்று ஆங்கிலேயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். துப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தினமும் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அதே ஊர், அதே வருடங்கள். அந்தத் தெருக்களில்தான் இந்த இளைஞரும் நடந்திருக்கிறார். பிள்ளையின் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பே இல்லாத அளவுக்குச் சாதாரண சிப்பாய்.

துப்ளே 1754-இல் பிரான்சுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார், சென்னையை முற்றுகையிட்டு முடியாமல் திரும்பினார், 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றார். அதன் பிறகு புதுச்சேரியே முற்றுகைக்குள் வந்தது. உள்ளே சோற்றுக்கும் வழியில்லை, சம்பளமும் இல்லை. லாலியின் கடுமை வேறு. அந்த வருடம் பிரெஞ்சுப் படையிலிருந்து விலகி ஆங்கிலேயர் பக்கம் போனவர்களில் மார்டினும் ஒருவர். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

இந்தப் பக்கம் மாறியதைத் துரோகம் என்று எழுதுபவர்கள் உண்டு. என்னால் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. பட்டினி கிடக்கும் ஊரில், தோற்கப் போவது தெரிந்த படையில் இருந்த இருபத்தைந்து வயதுச் சிப்பாய் அவர். ஆனால் அதன் விளைவு அவர் வாழ்நாள் முழுக்கக் கூடவே வந்தது. பிரெஞ்சுக்காரராகப் பிறந்து ஆங்கிலக் கம்பெனியில் வேலை பார்த்து, அவத் என்ற அரசின் நவாபுடைய ஊரான லக்னோவில் குடியிருந்தார். மூன்று இடத்திலும் அவர் அந்நியர்தான். 'இது என்னுடையது' என்று கால் ஊன்றிச் சொல்ல ஒரு துண்டு நிலம்கூட சட்டப்படி உறுதியாக இல்லாத நிலை. கல்லறை விஷயம் புரிய இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1763-இல் வங்காளப் படையில் கீழ்நிலை அதிகாரி ஆனார். 1766-இல் கேப்டன். ஜேம்ஸ் ரென்னல் நடத்திய நில அளவைப் பணியில் சில காலம் வேலை செய்தார். 1776 வாக்கில் லக்னோவுக்கு வந்து, அவத் நவாப் ஆசப் உத் தௌலாவின் ஆயுதக் கிடங்குக்குக் கண்காணிப்பாளர் ஆனார். அங்கேதான் பணம் கொட்டியது. கங்கைக் கரையில் நஜஃப்கரில் அவுரி சாகுபடி, வட்டிக்குக் கொடுத்தல், வீடு கட்டி வாடகைக்கு விடுதல், ஐரோப்பியப் பொருட்களை வரவழைத்து நவாபுக்கு விற்றல் என்று எல்லாம் செய்தார். பீரங்கி வார்த்தார், மணி வார்த்தார். பிரான்சில் முதல் பலூன் பறந்த இரண்டே வருடத்தில், 1785-இல், லக்னோவில் வெப்பக்காற்று பலூனைப் பறக்கவிட்டுக் காட்டினார். ஓவியர் ஜொஃபானி தீட்டிய லக்னோ ஓவியங்களில் அவர் முகம் இருக்கிறது. ஒன்று இன்றும் கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் தொங்குகிறது.

அவருடைய குணத்தைக் காட்ட ஒரே ஒரு சம்பவம் போதும். 1782-இல் அவருக்குச் சிறுநீர்ப் பையில் கல் வந்தது. அந்தக் காலத்தில் அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கிடையாது, பலர் பிழைப்பதில்லை. மார்டின் தானே ஒரு மெல்லிய கம்பியில் அரம் போலப் பல் வைத்து, அதைச் சிறுநீர்க் குழாய் வழியே உள்ளே செலுத்தி, கல்லைத் தேய்த்துத் தேய்த்துப் பொடியாக்கி வெளியேற்றினார். ஒரு நாளில் பல தடவை, பல மாதங்கள். இதை அவரே கடிதமாக எழுதி வைத்திருக்கிறார். மருத்துவ வரலாறு எழுதுபவர்கள் இன்றும் இதைக் குறிப்பிடுகிறார்கள். 'லபோரே எட் கான்ஸ்டன்ஷியா' என்பது அவர் எடுத்துக்கொண்ட லத்தீன் வாசகம். உழைப்பாலும் விடாப்பிடியாலும் என்று பொருள். அந்த மாளிகையின் முகப்பில் அதுதான் பொறிக்கப்பட்டிருக்கிறது, மாளிகைக்குக் கான்ஸ்டன்ஷியா என்ற பெயரும் அதிலிருந்துதான். கான்ஸ்டன்ஸ் என்ற பெண்ணைக் காதலித்தார், அவள் நினைவாக வைத்த பெயர் என்று லக்னோவில் ஒரு கதை உலவுகிறது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் முகப்பிலேயே விளக்கம் எழுதியிருக்கும்போது அந்தக் கதைக்குத் தேவையே இல்லை.

சரி, மாளிகைக்கு வருவோம்.

மார்டினுக்கு லக்னோவில் முக்கியமாக இரண்டு வீடுகள். ஒன்று ஊருக்குள், கோமதி ஆற்றங்கரையில். இன்று ஃபர்ஹத் பக்ஷ் என்று சொல்வது. ஆற்று நீரின் குளிர்ச்சி ஏறும்படி அடித்தளத்தில் அறைகள் கட்டி, கோடையில் அங்கேயே இறங்கி இருப்பாராம். நீர் ஏற ஏற மேல் மாடிக்குப் போவார். இரண்டாவது, ஊருக்கு வெளியே தோட்டமும் வயலுமாக விரிந்த நிலத்தில் எழுந்த கான்ஸ்டன்ஷியா. வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அதைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் 1800 செப்டம்பர் 13 அன்று இறக்கும்போது வேலை முடியவில்லை. உயிலில் விட்டுப்போன பணத்தைக்கொண்டு அவருடைய ஆட்கள் 1802 வாக்கில் முடித்தார்கள். அதாவது அந்த மாளிகையில் அவர் உருப்படியாகக் குடியிருந்ததே இல்லை. இறந்தது ஊருக்குள் இருந்த வீட்டில். கான்ஸ்டன்ஷியாவுக்கு அவர் நிரந்தரமாகக் குடிபோனது சவப்பெட்டியில்தான்.

இப்போது உயில். 1800 ஜனவரி 1 தேதியிட்டது. தன் உடலை என்ன செய்ய வேண்டும் என்று மிகத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். உடலை உப்பிட்டோ, சாராயத்தில் இட்டோ, தைலம் பூசியோ கெடாமல் வைக்க வேண்டும். தன் கிடங்கில் இருக்கும் ஈயத் தகட்டால் பெட்டி செய்து அதில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியை இரண்டு அங்குலக் கனமுள்ள ஷீஷம் மரப் பலகைகளால் செய்த இன்னொரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். அதைக் கான்ஸ்டன்ஷியாவில் 'என் நினைவுச்சின்னத்தில் அல்லது வீட்டில்' உள்ள நிலவறையில், வடகிழக்கே இருக்கும் சிறிய வட்ட அறையில் வைக்க வேண்டும். தரையிலிருந்து சுமார் இரண்டடி உயரத்துக்கு மேடை எழுப்பி, மேலே பளிங்குக் கல் பதிக்க வேண்டும்.

'என் நினைவுச்சின்னத்தில் அல்லது வீட்டில்' என்ற சொற்களைக் கவனியுங்கள். முதலில் நினைவுச்சின்னம் என்கிறார், பிறகுதான் வீடு என்கிறார். கட்டிக்கொண்டிருந்தவரின் மனதிலேயே இரண்டும் ஒன்றாக இருந்தன. வடகிழக்கு வட்ட அறை என்று இடம் குறிக்கிறார் என்றால், அந்த அறை எதற்கு என்பது அவருக்கு முன்பே தெரியும். அவசரத்தில் எடுத்த முடிவுக்கு இவ்வளவு துல்லியம் வராது. ஈயத் தகடு எந்தக் கிடங்கில் இருக்கிறது என்பது வரை யோசித்து வைத்திருக்கிறார். ஆயுதக் கிடங்கு பார்த்த மனிதர் அல்லவா, தன் சாவுக்கும் சரக்குக் கணக்கு எழுதி வைத்தார்.

இப்படி வாழும் வீட்டையே கல்லறையாக்கும் யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் பிரபுக்கள் தங்கள் பண்ணை நிலத்தில், வீட்டிலிருந்து தள்ளி, ஒரு மேட்டில் தனியாகக் கல்லறை மண்டபம் கட்டுவது அப்போது வழக்கத்துக்கு வந்திருந்தது. ஆனால் படுக்கை அறைக்கும் விருந்துக் கூடத்துக்கும் கீழேயே உடலை வைப்பது அங்கே வழக்கம் இல்லை. மார்டின் பதினேழு வயதில் பிரான்சை விட்டவர், திரும்பிப் போகவே இல்லை. அவர் பார்த்து வளர்ந்தது இந்தியாவை. முகலாயர் காலத்துப் பிரபுக்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு தோட்டத்தை அமைத்து, நடுவில் மண்டபம் கட்டி, உயிரோடு இருக்கும்வரை அங்கே நண்பர்களோடு பொழுது போக்குவார்கள். இறந்த பிறகு அதே மண்டபத்தின் நடுவில் அவரைப் புதைப்பார்கள். தோட்டம் அப்படியே சமாதித் தோட்டமாகிவிடும்.

லக்னோவிலேயே இதற்கு மிகப் பெரிய உதாரணம் மார்டினின் கண்ணெதிரே எழுந்தது. 1784-இல் பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக ஆசப் உத் தௌலா, முஹர்ரம் துக்கக் கூட்டங்களுக்கான படா இமாம்பாடாவைக் கட்டத் தொடங்கினார். 1797-இல் நவாப் இறந்ததும் அந்தக் கட்டடத்தின் நடுக் கூடத்துக்குக் கீழே இருக்கும் நிலவறையில்தான் அடக்கம் செய்யப்பட்டார். நவாபின் ஊழியராக இருபது வருடம் இருந்த மார்டின், தன் எஜமானர் தான் கட்டிய கட்டடத்துக்கு அடியில் போய்ப் படுத்ததைப் பார்த்தார். மூன்று வருடம் கழித்துத் தானும் அதையே செய்தார். கான்ஸ்டன்ஷியாவின் மேல்மாடத்தில் வரிசையாகக் கிரேக்கச் சிலைகள், சிங்கங்கள், சுவரில் ஐரோப்பியச் சுண்ணாம்பு வேலைப்பாடுகள் என்று பார்க்க முழுக்க வெளிநாட்டுக் கட்டடம் போலத் தெரியும். ஆனால் அதன் உள்ளெண்ணம் லக்னோவினுடையது. என் கருத்தில், அந்தக் கட்டடத்திலேயே ஆழமான இந்தியத் தன்மை அதன் நிலவறையில்தான் இருக்கிறது.

இப்போது நவாப் கதை. ஆசப் உத் தௌலா அந்த மாளிகையின் அழகில் மயங்கிப் பெரும் தொகைக்கு விலை கேட்டார் என்றும், பேரம் முடிவதற்குள் அவர் இறந்துபோனார் என்றும், அடுத்து வருபவர் அதைச் சும்மா எடுத்துக்கொள்வார் என்று பயந்த மார்டின், முஸ்லிம்கள் கல்லறை இருக்கும் இடத்தில் குடியேற மாட்டார்கள் என்பதை அறிந்து தன்னை அங்கே புதைக்கச் சொன்னார் என்றும் சொல்வார்கள். பழைய பயணக் குறிப்புகளிலிருந்து இன்றைய சுற்றுலா வழிகாட்டிகள் வரை இதுதான் வருகிறது. விலை கேட்ட பகுதியை நான் கதையாகவே வைத்துக்கொள்கிறேன். ஆனால் சொத்து கைமாறிப்போகும் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை.

முகலாய முறையில் ஒரு பெரிய உத்தியோகஸ்தர் இறந்தால், அவருடைய சொத்தை அரசு கையில் எடுத்துக் கணக்குப் பார்ப்பது நெடுங்கால வழக்கம். பிள்ளைகளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது அரசரின் தயவு. மார்டினுக்கோ திருமணமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வாழ்க்கைத் துணையாகக் கூடவே இருந்த பூலோன் என்ற பெண்ணுக்கும், வீட்டில் வளர்த்தவர்களுக்கும் உயிலில் ஏற்பாடு செய்தார். ஆனால் அவர்கள் யாரும் நவாபை எதிர்த்து நிற்கக்கூடியவர்கள் இல்லை. லக்னோ ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதி இல்லை என்பதால் கம்பெனியின் நீதிமன்றமும் அங்கே செல்லாது. சமாதியும் அறக்கட்டளையும்தான் ஆட்சியாளர்கள் தொடத் தயங்கும் சொத்துகள். மார்டின் இரண்டையுமே செய்தார். உடலை உள்ளே வைத்தார். கட்டடத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எழுதி, எந்தக் காலத்திலும் விற்கக் கூடாது என்று உயிலில் சொன்னார்.

இது பலித்ததா என்றால், அவருடைய இரண்டு வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊருக்குள் இருந்த ஃபர்ஹத் பக்ஷில் கல்லறை இல்லை. மார்டின் இறந்த பிறகு அது விலைக்குப் போய், நவாப் சாதத் அலி கான் கைக்கு வந்தது. பிறகு பல பத்தாண்டுகள் அவத் அரச குடும்பத்தின் அரண்மனையாக, சத்தர் மன்ஸில் வளாகத்தின் ஒரு பகுதியாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலம் அந்த வளாகத்தில் இயங்கியது. கல்லறை இருந்த கான்ஸ்டன்ஷியாவோ கைமாறவே இல்லை. அவர் உயிலில் அதற்கு எழுதிவைத்த நோக்கமும் மாறவில்லை.

சாதத் அலி கானைப் பற்றிச் சொன்னதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. அவர் 1814-இல் இறந்தபோது, மகன் காஜி உத்தீன் ஹைதர், 'அப்பாவின் அரண்மனையை நான் எடுத்துக்கொண்டேன், என் வீட்டை அவருக்குக் கொடுக்கிறேன்' என்று சொல்லி, கைசர்பாகில் தான் குடியிருந்த வீட்டை இடித்து அந்த இடத்தில் தந்தைக்குச் சமாதி கட்டினாராம். இன்றும் அந்தச் சமாதி அங்கே நிற்கிறது. வீடும் சமாதியும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடியவை என்ற எண்ணம் அந்த ஊரில் எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஆங்கிலேயர் பக்கம் மட்டும் சொத்து பத்திரமாக இருந்ததா? அதுவும் இல்லை. இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, பெரும்பாலானவர்கள் சொல்லாமல் விட்டுவிடுவது. மார்டினின் உயில் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் பல பத்தாண்டுகள் வழக்காக நடந்தது. அதில் எழுந்த ஒரு கேள்வி: மார்டின் பிரெஞ்சுக்காரர். இங்கிலாந்துச் சட்டப்படி அந்நிய நாட்டவர் நிலம் வைத்துக்கொள்ள முடியாது, வைத்திருந்தால் அவர் இறந்ததும் அரசுக்குப் போய்விடும். அப்படியானால் கல்கத்தாவில் அவர் வாங்கிய நிலங்கள் யாருக்கு? லியோன் நகரமும் உயிலில் பங்கு பெற்றிருந்ததால் அந்த நகர மேயர் ஒரு தரப்பு, கிழக்கிந்தியக் கம்பெனி இன்னொரு தரப்பு. வழக்கு அன்றைய உச்சகட்ட மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1836-இல் தீர்ப்பு வந்தது. அந்நியர் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற இங்கிலாந்துச் சட்டம் கல்கத்தாவில் நடைமுறைக்கு வந்ததே இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். இங்கிலாந்துச் சட்டம் இந்தியாவில் எந்த அளவுக்குச் செல்லும் என்ற விவாதத்தில் இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் தீர்ப்பு அது.

ஆக, லக்னோ நிலத்தை நவாப் எடுப்பாரோ என்ற பயம் ஒரு பக்கம், கல்கத்தா நிலத்தை ஆங்கில அரசு எடுக்குமோ என்ற பயம் இன்னொரு பக்கம். கல்கத்தாவில் அந்த நிலத்தைக் காப்பாற்ற 36 வருடமும் லண்டன் நீதிபதிகளும் தேவைப்பட்டார்கள். லக்னோவில் ஒரு ஈயப் பெட்டி போதுமானதாக இருந்தது. நவாபை மட்டும் பேராசைக்காரராகக் காட்டும் கதையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

உயிலின்படி கல்கத்தா, லக்னோ, லியோன் ஆகிய மூன்று ஊர்களிலும் தொடங்க வேண்டிய பள்ளிகள் தாமதமாகத்தான் வந்தன. கல்கத்தா மார்டினியர் 1836-இல் திறந்தது. லக்னோவில் கான்ஸ்டன்ஷியாவிலேயே 1845 அக்டோபர் 1 அன்று பள்ளி தொடங்கியது. அதற்காகத்தான் இரண்டு பக்கமும் வளைந்த சிறகுகள் போன்ற கட்டடங்கள் பின்னால் சேர்க்கப்பட்டன. பழைய மாளிகை என்பது நடுப்பகுதி மட்டும்தான். லியோனில் திறந்த மார்டினியர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கான தொழிற்பள்ளியாக வளர்ந்தது. சினிமாவைப் பொதுமக்களுக்குக் காட்டிய லூமியர் சகோதரர்கள் படித்தது அங்கேதான். புதுச்சேரியில் சம்பளம் இல்லாமல் தவித்த ஒரு சிப்பாய் லக்னோவில் சேர்த்த பணம் லியோன் வரை போயிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஆனால் கல்லறைக்கு அமைதி கிடைக்கவில்லை. 1857-இல் லக்னோவில் கிளர்ச்சி வெடித்தபோது, பள்ளி முதல்வர் ஷில்லிங் ஆசிரியர்களையும் அறுபதுக்கும் மேற்பட்ட மாணவர்களையும் அழைத்துக்கொண்டு ஆங்கிலேயர் தஞ்சம் புகுந்திருந்த ரெசிடென்சி வளாகத்துக்குள் போனார். ஜூன் முடிவிலிருந்து நவம்பர் வரை முற்றுகை நீடித்தது. பையன்கள் காவல் இருந்தார்கள், செய்தி கொண்டு போனார்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், மாவு அரைத்தார்கள். அதற்காகப் பின்னாளில் 'லக்னோ பாதுகாப்பு' என்ற போர்ச் சிறப்பு பள்ளிக்கு வழங்கப்பட்டது. படைப்பிரிவுகளுக்குக் கிடைக்கும் மரியாதை அது.

அவர்கள் விட்டுப்போன கான்ஸ்டன்ஷியா கிளர்ச்சியாளர் கையில் இருந்தது. அப்போது நிலவறைக் கல்லறை உடைக்கப்பட்டது. மார்டினின் எலும்புகள் வெளியே இழுத்துச் சிதறடிக்கப்பட்டன. கல்லறையின் நான்கு மூலையிலும் ஆளுயரத்தில் நான்கு சிப்பாய்ச் சிலைகள் நின்றிருந்தன. துக்கத்தின் அடையாளமாகத் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக் குனிந்து நிற்கும் சிலைகள். அவையும் நொறுக்கப்பட்டன. பிறகு கிடைத்த எலும்புகளைத் திரட்டி அதே இடத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். சிலைகள் மட்டும் திரும்ப வரவில்லை. அரசர்களிடமிருந்து அந்த இடத்தைக் காப்பாற்றிய கல்லறையால், போர்க்கால ஆத்திரத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள முடியவில்லை.

இப்படிப்பட்ட அந்நிய அதிகாரிகளின் சமாதிகள் இந்தியாவில் இன்னும் சில உண்டு. ஹைதராபாத்தில் நிஜாமின் படைத் தளபதியாக இருந்த பிரெஞ்சுக்காரர் ரேமோன் 1798-இல் இறந்தார். அவரும் முதலில் வந்து இறங்கியது புதுச்சேரியில்தான். அவருக்கு ஒரு குன்றின் மேல் கூர்நுனித் தூண் எழுப்பினார்கள். மக்கள் அவரை 'மூசா ராம்' என்று அழைத்தார்கள், மூசாராம்பாக் என்ற பேட்டையின் பெயர் அவரிடமிருந்து வந்தது. ஆக்ராவில் மராத்தியத் தலைவர் சிந்தியாவின் படையில் இருந்த டச்சுக்காரர் ஹெஸ்ஸிங்குக்கு 1803-இல் அவர் குடும்பத்தார் செந்நிறக் கல்லில் குட்டித் தாஜ்மகாலே கட்டினார்கள். இரண்டும் அழகானவை, ஆனால் இரண்டும் மற்றவர்கள் எழுப்பியவை. மார்டின் தனக்கான இடத்தைத் தானே வரைந்து, தானே கட்டி, கல்லில் என்ன எழுத வேண்டும் என்பதையும் தானே எழுதிக்கொடுத்தார்.

நேரில் பார்க்க விரும்பினால் ஒன்று சொல்கிறேன். அது இன்றும் நடக்கும் பள்ளி. முன்கூட்டி அனுமதி கேட்டு, வகுப்பு நடக்கும் நேரம் தவிர்த்துப் போங்கள். மாளிகைக்கு எதிரே குளத்துக்குள் நூறடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் 'லாட்' என்ற தூணைப் பார்ப்பீர்கள். வளாகத்துக்குள்ளேயே 1858-இல் லக்னோவில் செத்த ஆங்கிலேய அதிகாரி ஹாட்சனின் கல்லறையும் இருக்கிறது. கடைசி முகலாயரின் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றவர் அவர், அங்கே நிற்க எனக்கு மனம் வருவதில்லை. முன் மேடையில் 'லார்ட் கார்ன்வாலிஸ்' என்ற பீரங்கி இருக்கிறது. 1786-இல் மார்டினே வார்த்தது. 1792-இல் திப்புவுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முழங்கியது. அந்தப் போரில் மார்டினும் கார்ன்வாலிஸின் கூட இருந்தார்.

அதன் பிறகு கீழே இறங்குங்கள். தடித்த சுவர்கள், தாழ்ந்த வளைவுகள், மேலே இருந்து காற்று இறங்கும் குழல்கள். மே மாதத்திலும் குளுமையாக இருக்கும். அறை சின்னது. மேடை எளிமையானது. மேஜர் ஜெனரல் பதவி வரை போனவர், லக்னோவின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர், தன் கல்லில் பட்டங்களை அடுக்கச் சொல்லவில்லை. உயிலில் தேதியை மட்டும் விட்டுவிட்டு அவர் எழுதிவைத்த வாசகம் அப்படியே இருக்கிறது: மேஜர் ஜெனரல் கிளாட் மார்டின், லியோனில் 1735 ஜனவரி 5 அன்று பிறந்தார், சாதாரணச் சிப்பாயாக இந்தியா வந்தார், லக்னோவில் 1800 செப்டம்பர் 13 அன்று மேஜர் ஜெனரலாக இறந்தார், இந்தக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார், அவருடைய ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.